விறகில் வீட்டைச் சூடாக்க: வெளியே பாய்லரா, நிலவறையில் ஃபர்னஸா?

கேள்வி: ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு வெளியே 20 ஏக்கர் காணியுடன் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறோம். வீடு 1,900 சதுர அடி. புரொப்பேன் ஃபர்னஸும் காற்றுக்குழாய்களும் ஏற்கனவே உள்ளன. வீட்டைச் சூடாக்க மட்டும் ஆண்டுக்கு 3,600 லீற்றர் புரொப்பேன் போகிறது. காணியில் மேப்பிளும் பட்டுப்போன ஆஷ் மரங்களும் நிறைய நிற்கின்றன. வெளியில் நின்று நீரைச் சூடாக்கி வீட்டுக்கு அனுப்பும், மணிக்கு 2 லட்சம் பிடியு (BTU, சூட்டை அளக்கும் அலகு) விறகு பாய்லரை எடுக்கச் சொல்கிறார் விற்பனையாளர். நிலவறையில் காற்றைச் சூடாக்கும் விறகு ஃபர்னஸ் போதும் என்கிறார் பக்கத்துக் காணிக்காரர். 100 அடி தள்ளி ஒரு பட்டறைக் கொட்டகையும் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: பட்டறையைக் குளிர்காலம் முழுக்கச் சூடாக வைத்திருக்கப் போவதில்லை என்றால் பக்கத்துக் காணிக்காரர் சொல்வதே சரி. முதல் காரணம் விலை அல்ல, அளவு.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதை புரொப்பேன் பில்லே சொல்லிவிடும். ஒரு லீற்றரில் ஏறக்குறைய 24,000 பிடியு. ஃபர்னஸின் திறன் 95% என்றால் 3,600 லீற்றரில் வீட்டுக்குள் வந்தது சுமார் 82 மில்லியன் பிடியு. பீற்றர்பரோவில் ஒரு குளிர்பருவத்துக்கு ஏறக்குறைய 4,400 செல்சியஸ் டிகிரி-நாட்கள் (ஒவ்வொரு நாளும் வெளியே 18 டிகிரிக்குக் கீழே எத்தனை டிகிரி போகிறது என்பதன் கூட்டுத்தொகை). 82 மில்லியனை 4,400 ஆலும், பிறகு 24 ஆலும் வகுத்தால், வெளியே ஒரு டிகிரி குறையும்போது வீடு மணிக்கு 780 பிடியு கூடுதலாகக் கேட்கிறது என்று வரும். வெளியே −23, உள்ளே 20 என்றால் 43 டிகிரி வித்தியாசம். ஆக, கடுங்குளிர் இரவிலும் தேவை மணிக்கு 34,000 பிடியு அளவில்தான். காற்று வீசும் இரவுக்கென்று தாராளமாகக் கூட்டினாலும் 45,000. அதற்கு 2 லட்சம் எதற்கு?

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். விறகு விஷயத்தில் அது தலைகீழ். வெளிப் பாய்லரில் விறகு எரியும் அறையைச் சுற்றி நீர் இருக்கிறது. நீர் 185 பாரன்ஹீட்டைத் தொட்டதும் காற்றுவழி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் விறகு அணையாது, காற்றில்லாமல் புகைந்துகொண்டே கிடக்கும். அந்தப் புகை குளிர்ந்த இரும்புச் சுவரில் தாராகப் படியும். அதில் உள்ள அமிலம் இரும்பை அரிக்கும். ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் வீட்டின் தேவை மணிக்கு 10,000 பிடியுவைச் சுற்றியே இருக்கும். அப்போது 2 லட்சம் பிடியு இயந்திரம் நாளின் பெரும்பகுதி புகைந்தபடிதான் நிற்கும். வெளிப் பாய்லரைப் பற்றி அயலவர்கள் சண்டைக்கு வருவதும், சில நகராட்சிகள் அதைக் கட்டுப்படுத்துவதும் இதனால்தான்.

புதிய மாடல்கள் புகையை இரண்டாம் அறையில் மறுபடி எரிக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதிப்படி 2020 மே 15 முதல் அங்கே விற்கும் நீர்ப் பாய்லர்கள் ஒரு மில்லியன் பிடியுவுக்கு 0.10 இறாத்தல் புகைத்துகளுக்கு மேல் விடக்கூடாது. காற்று ஃபர்னஸுக்கு வரம்பு 0.15. எதை வாங்கினாலும் இந்தச் சான்றோ கனடாவின் சிஎஸ்ஏ பி415.1 (CSA B415.1) சோதனைச் சான்றோ இருக்கிறதா என்று தகட்டில் பாருங்கள். விளம்பரப் பக்கங்களில் மலிவாக வரும் பழைய வெளிப் பாய்லரைத் தொடவே வேண்டாம்.

விறகுக் கணக்கும் பார்த்துவிடுவோம். காய்ந்த சர்க்கரை மேப்பிள் ஒரு புஷ் கோர்ட்டில் (4 x 4 x 8 அடி) சுமார் 24 மில்லியன் பிடியு. 70% திறனுள்ள ஃபர்னஸில் 82 மில்லியனுக்கு ஏறக்குறைய 5 புஷ் கோர்ட். 45% திறனில் ஓடும் பழைய பாணிப் பாய்லரில் 7.5 கோர்ட்டுக்கு மேல். நிலத்தடிக் குழாயில் போகும் இழப்பு இதில் இன்னும் சேரவில்லை.

அந்தக் குழாயைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசமாட்டார்கள். நிமிடத்துக்கு 10 கலன் நீர் ஓடும்போது, பாய்லரிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் ஒரே ஒரு பாரன்ஹீட் குறைந்தால் மணிக்கு 5,000 பிடியு மண்ணுக்குப் போகிறது. 180 நாளுக்கு அது 21.6 மில்லியன் பிடியு, அதாவது ஒரு புஷ் கோர்ட் மேப்பிள் வீட்டுக்குத் தருவதைவிட அதிகம். நெளிகுழாய்க்குள் குமிழ்த்தாள் சுற்றிய மலிவுக் குழாயில் நிலத்தடி நீர் புகுந்துவிட்டால் இழப்பு பல டிகிரி ஆகிவிடும். பனி மூடிய முற்றத்தில் குழாய் போகும் வழியில் மட்டும் புல் தெரிந்தால் நடந்தது அதுதான். தொழிற்சாலையிலேயே பொலியூரிதேன் நுரை நிரப்பிய குழாய்க்குக் காசு கூடத்தான், ஆனால் இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. தோண்டும் முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவையில் பதிந்து நிலத்தடிக் கம்பிகளைக் குறிக்கச் செய்வது சட்டப்படி கட்டாயம்.

இனி ஃபர்னஸ். இதில் பிழைகள் வருவது அடுப்பில் அல்ல, அதைச் சுற்றியுள்ளவற்றில். முதலாவது புகைபோக்கி. 650 டிகிரி செல்சியஸ் தரமுள்ள, யூஎல்சி எஸ்629 (ULC S629) தர முத்திரை பெற்ற காப்பிட்ட உலோகக் குழாய் வேண்டும். அல்லது பழைய செங்கல் புகைபோக்கிக்குள் பொருத்தமான உட்குழாய். புகைபோக்கி வீட்டுக்குள்ளாகவே ஏறிக் கூரையைத் தாண்டட்டும். வெளிச்சுவரை ஒட்டி ஏற்றினால் குளிர்ந்து, இழுவை குறைந்து, கிரியோசோட் என்ற எரியக்கூடிய தார் கட்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடியும் உயரமாக இருக்க வேண்டும். புரொப்பேன் ஃபர்னஸின் புகைவழியோடு இதைச் சேர்க்கவே கூடாது.

அடுத்தது திரும்பும் காற்று. ஃபர்னஸின் விசிறி மூடிய நிலவறையிலிருந்தே காற்றை இழுத்தால் அங்கே அழுத்தம் குறையும். புகைபோக்கி தலைகீழாக இழுத்து புகையும் கார்பன் மொனொக்சைடும் அறைக்குள் வரும். மேல்தளத்திலிருந்து வரும் காற்றுக்குழாயை விறகு ஃபர்னஸின் காற்றுப்பெட்டியுடன் நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். சூடான காற்று அணைந்திருக்கும் புரொப்பேன் ஃபர்னஸ் வழியே பின்னோக்கிப் போகாதபடி இரண்டுக்கும் இடையே தடுப்புக் கதவு வேண்டும். ஏசி சுருள் இருந்தால் விறகின் சூட்டை அதன் வழியாக ஒருபோதும் அனுப்ப வேண்டாம். வெளியேறும் குழாயின் முதல் சில அடிகள் மிகவும் சூடாகும். அதற்கும் மரச்சட்டங்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரின் ஏட்டில் பார்த்து அப்படியே விடுங்கள். பழைய வீட்டில் நிலவறைக் கூரை தாழ்வாக இருப்பதால் இடிப்பது பெரும்பாலும் இங்கேதான். வாங்கும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள்.

மின்வெட்டில் இரண்டுமே தடுமாறும். பாய்லரில் பம்ப் நின்றால் வீடு குளிரும், நீர் கொதித்து வழியவும் கூடும். ஃபர்னஸில் விசிறி நின்றாலும் சூடு தானாக மேலே ஏறும், ஆனால் எல்லா மாடலும் அதைத் தாங்காது. மின்சாரமின்றி எவ்வளவு விறகு போடலாம் என்று ஏட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வாங்கியவர்கள்தான் உறைமழை நாளில் திண்டாடுகிறார்கள்.

பட்டறையில் தினமும் வேலை செய்வீர்கள், குளிக்கும் வெந்நீரும் விறகிலிருந்தே வேண்டும் என்றால் என் பதில் மாறும். அப்போது சான்றுபெற்ற சிறிய வெளிப் பாய்லரை, வீட்டின் தேவையையும் பட்டறையின் தேவையையும் கூட்டிய அளவில் எடுங்கள். வீட்டு ஃபர்னஸின் காற்றுப்பெட்டியில் வெந்நீர்ச் சுருள் ஒன்று, வெந்நீர்த் தொட்டிக்குத் தட்டு வெப்பமாற்றி ஒன்று. பாய்லருக்குத் திரும்பும் நீர் 140 பாரன்ஹீட்டுக்குக் கீழே போகாதபடி வெப்பக் கலப்பு வால்வு அவசியம். போனால் விறகு எரியும் அறையின் சுவர் வியர்த்துத் துருப்பிடிக்கும். நீரில் துருத்தடுப்பு மருந்து கலந்து ஆண்டுதோறும் சோதியுங்கள். பருவம் முடிந்ததும் சாம்பலை முழுதாக அள்ளிவிடுங்கள். கோடையில் ஈரமான சாம்பலோடு நிற்கும் பாய்லர்தான் சீக்கிரம் ஓட்டையாகும்.

எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு தொலைபேசி அழைப்புகள். நகராட்சியில் அனுமதியும் காணி எல்லையிலிருந்து விட வேண்டிய தூரமும் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்தில் சிஎஸ்ஏ பி365 (விறகு அடுப்புகளை நிறுவும் விதித்தொகுப்பு) படி நிறுவியதற்கு வெட் (WETT) சான்றுபெற்ற ஆய்வாளரின் அறிக்கை வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் வேண்டும் என்பார்கள். சிலர் விறகு என்றாலே மறுப்பார்கள். அதை நிறுவிய பிறகு அறிவதில் பயனில்லை.

ஆஷ் உங்களுக்கு வாய்த்த நல்ல விறகு; பச்சையாக வெட்டினாலும் அதில் ஈரம் மற்ற மரங்களைவிடக் குறைவு. ஆனால் மரகத ஆஷ் வண்டு கொன்ற மரம் நொறுங்கும், விழும்போது கிளை உடைந்து தலையில் வரும். நெடுநாள் பட்டு நிற்பதை வெட்டத் தெரிந்தவரிடம் விடுங்கள். மேப்பிளைப் பிளந்து அடுக்கி ஒரு முழு ஆண்டாவது காயவிடுங்கள். விறகை வெளியில் வாங்கினால் ஃபேஸ் கோர்ட் என்பது, 16 அங்குலத் துண்டில், புஷ் கோர்ட்டின் மூன்றில் ஒன்றுதான். ஐந்து புஷ் கோர்ட் வேண்டும் என்றால் பதினைந்து ஃபேஸ் கோர்ட். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியை நாரோடு நாராக வைத்து அளக்கவும். செப்டம்பரில் 20% க்கு மேல் காட்டினால் இந்தக் குளிர்காலத்தைப் புரொப்பேனிலேயே ஓட்டிவிட்டு, ஃபர்னஸை அடுத்த ஆண்டு வாங்குங்கள்.