வால்வு வைத்த முகக்கவசம் வாங்கலாமா?

கேள்வி: நான்கு நாட்களாக எனக்குச் சளியும் இருமலும் இருக்கின்றன. வீட்டில் எண்பது வயதான மாமியாரை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். முன்பக்கம் பிளாஸ்டிக் வால்வு வைத்து, 'என்-95' என்று அச்சிட்ட முகக்கவசத்தை மருந்துக் கடையில் காட்டி, இதுதான் உயர்ந்தது, துவைத்தும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் தேவைக்கு அது வேண்டாம். மூச்சை இழுக்கும்போது மூடிக்கொண்டு, விடும்போது திறந்துகொள்ளும் அந்த வால்வு, தூசியில் வேலை செய்பவர்களுக்குப் புழுக்கம் குறைவதற்காக வைக்கப்படுவது. நோய் உங்களிடம் இருக்கையில், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டப்படாமலே மாமியாரின் பக்கம் போகும். இத்தகைய கவசங்கள் கிருமி வெளியேறுவதைத் தடுப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே மாநிலங்களுக்கு எழுதியது.

துவைக்கலாம் என்பதும் தவறு. இவ்வகைக் கவசத்தின் உள்ளடுக்கில் இருக்கும் மெல்லிய இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். நுண்துகள்களை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்கே உண்டு. சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால், கவசம் பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும், அந்த மின்னூட்டம் குறைந்துவிடும்.

'என்-95' என்பது 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்னும் அமெரிக்கத் தரம். அந்த எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல். அதற்கு ஏறத்தாழ இணையான நம் நாட்டு எஃப்எஃப்பி-2 கவசத்தில் ஐஎஸ்ஐ முத்திரையும், ஐஎஸ் 9473 என்ற தர எண்ணும், உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். வால்வு இல்லாததாகவும், இரு பட்டைகளும் தலையைச் சுற்றி வருவதாகவும் கிடைத்தால் நல்லது.

கிடைக்காவிட்டால் மூன்றடுக்கு அறுவைக் கவசம் போதும். ஆனால் கன்னத்தோரம் இடைவெளி விடக் கூடாது. நிறமுள்ள பக்கம் வெளியே இருக்கட்டும். காதுக் கயிற்றை ஓரத்தையொட்டி முடிச்சிட்டு, பக்கவாட்டில் துருத்தும் மடிப்பை உள்ளே செருகிவிடுங்கள். மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் மூக்கோடு படிய அழுத்துங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவராயின், அது மங்கினால் மேல்பக்கம் காற்று கசிகிறது என்று பொருள். ஈரமானதும் மாற்றிவிடுங்கள். பேசுவதற்காகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. மாமியாருக்குக் காது மந்தமென்றால், குரலை உயர்த்துங்கள், கவசத்தை இறக்காதீர்கள்.

உதிரியாக எடுத்துத் தருவதை வாங்காமல், தயாரிப்பாளர் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட உறையோடு, ரசீது கேட்டு வாங்குங்கள்.