அந்தப் பழைய நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது?

கேள்வி: எட்டு வருடங்களுக்கு முன்னால், லீவுக்கு என்று சொல்லி என் கணவர் இரண்டு பிள்ளைகளையும் அவர் அக்கா இருக்கும் நாட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பி வரவே இல்லை. அப்போது மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றதால் பொறுத்துப் போனேன். 14 மாதம் கழித்துத்தான் மனுப் போட்டேன். பிள்ளைகள் அங்கேயே ஊன்றிவிட்டார்கள், திருப்பி அனுப்ப முடியாது என்று அந்த நாட்டுக் கோர்ட் சொல்லிவிட்டது. வாரம் ஒரு வீடியோ கால் என்று உத்தரவு போட்டார்கள். கொஞ்ச நாள் நடந்தது, அப்புறம் நின்றுவிட்டது. வீட்டையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் சில மாதங்களில் மகளுக்கு 16 ஆகிறது. நான் மறுபடி கோர்ட்டுக்குப் போகவா? இல்லை, வளர்ந்த பிறகு அவர்களே தேடி வருவார்கள் என்று காத்திருக்கவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் நீளமானது. இங்கே அச்சாகியிருப்பது அதன் சாரம் மட்டும்தான். முக்கால்வாசிக் கடிதம் உங்கள் கணவரைப் பற்றியது. அவர் செய்தது அநியாயம். தாயிடம் இருந்து பிள்ளைகளைக் களவாடிக்கொண்டு போன மனிதரை நல்லவர் கெட்டவர் என்று எடைபோட எனக்கு நேரமில்லை. அவரைத் திட்டி நான் ஒரு பக்கம் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

என் கண்ணில் பட்டது வேறு. இரண்டாம் பக்கத்தில், மகளுக்கு ஐந்து வயதில் உங்கள் ஃபோன் நம்பரைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுக் கற்றுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்கேயாவது தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்லத் தெரிய வேண்டுமே என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளாம். கடைசிப் பக்கத்தில், நாத்தனாரின் தொல்லை தாங்காமல் மூன்று வருடங்களுக்கு முன்னால் நம்பரை மாற்றிவிட்டதாகவும், அன்றிலிருந்துதான் நிம்மதியாகத் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் எழுதியது ஒரே கைதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அவர்களே தேடி வருவார்களா என்று கேட்கிறீர்கள். எப்படி வருவாள்? அந்தப் பெண்ணிடம் உங்களைப் பற்றி மிஞ்சியிருந்த ஒரே விலாசம் அந்த நம்பர்தான். அதை நீங்களே அழித்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஒரு பிள்ளையின் கைக்கு சொந்தமாக ஃபோன் வருகிற வயது. கைவிட்ட நம்பரை ஃபோன் கம்பெனிகள் சும்மா வைத்திருப்பதில்லை. சில மாதங்கள் ஓய்வில் போட்டுவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். உங்கள் மகள் அந்த நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டுப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? முன்பின் தெரியாத ஒருவரின் படம். ‘உங்கள் அம்மாவுக்கு நீங்கள் வேண்டாம்’ என்று அந்த வீட்டில் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருந்தால், அதற்கு இதைவிட நல்ல சாட்சி அவர்களுக்குக் கிடைக்காது. அந்தச் சாட்சியை எடுத்துக் கொடுத்தது நீங்கள்.

இன்னொன்று. மகள் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாளாம், பையனுக்கு நீச்சல் தெரியுமாம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீடியோ கால் நின்று பல வருடம் ஆகிறது. இதையெல்லாம் யார் சொன்னது என்று கடிதத்தில் இல்லை. நானே சொல்கிறேன், நாத்தனார்தான். திட்டுவதற்கென்று கூப்பிட்டவர், ‘நீ இல்லாமலே பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்’ என்று குத்திக்காட்டுகிற வேகத்தில் உளறியிருப்பார். உங்கள் பிள்ளைகளைப் பற்றி வெளியே வந்த கடைசிச் செய்தி அந்த வசவோடு சேர்ந்துதான் வந்தது. அது உங்களுக்குத் தொல்லையாக மட்டும் தெரிந்தது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், திட்டட்டும் என்று ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏதாவது பிள்ளைக் குரல் கேட்கிறதா என்று பார்த்திருப்பேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். தூங்க முடியாமல் தவித்தவளுக்குத்தான் தெரியும் என்று சொல்வீர்கள். சரி. தினமும் வசவு கேட்க யாராலும் முடியாது. அதற்காக சத்தத்தை அணைத்து அந்த ஃபோனை ஒரு மூலையில் போட்டிருக்கலாம், உங்கள் சொந்த உபயோகத்துக்கு வேறு நம்பர் வாங்கியிருக்கலாம். பழையதை உயிரோடு வைத்திருக்க மாதம் ஒரு சின்னத் தொகை. நாத்தனார் மிரட்டினார் என்றால் பதிவு செய்து வக்கீலிடம் கொடுத்திருக்கலாம். (கணவர் அடித்தவர், உயிருக்குப் பயந்து ஒளிந்து வாழ்கிறேன் என்றால் நான் இப்படிப் பேசமாட்டேன். அப்படி ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.)

பெற்றவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: பிள்ளையைத் தேடுவது பெரியவர்களின் வேலை. அதைப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது. நேரம் வரும்போது வருவார்கள் என்று சொல்வது பொறுமை மாதிரித் தெரியும். பதினைந்து வயதுப் பெண் அப்பாவுக்குத் தெரியாமல், அத்தைக்குத் தெரியாமல், தன்னைக் கைவிட்டதாகச் சொல்லப்பட்ட அம்மாவைத் தேடிக் கிளம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களே, அவளுக்கு அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்தீர்களா?

இனி ஆக வேண்டியது. முதலில் அந்தப் பழைய நம்பருக்கு நீங்களே ஃபோன் போடுங்கள். எடுப்பவரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, ‘வெளிநாட்டில் இருந்து ஒரு சின்னப் பெண் எப்போதாவது கூப்பிட்டு அம்மா என்று கேட்டாளா’ என்று விசாரியுங்கள். இனி கேட்டால் புது நம்பரைக் கொடுக்கச் சொல்லுங்கள். நம்பரையே விட்டுக்கொடுப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும்தான். அப்புறம் இணையத்தில் உங்கள் முழுப் பெயர், பிள்ளைகளுக்குத் தெரிந்த செல்லப் பெயர், முகம் தெரிகிற படம் எல்லாம் போட்டு யாரும் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் திறந்து வையுங்கள். கணவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை வரக் கூடாது. பிள்ளை எட்டிப் பார்க்கிற இடத்தில் வழக்குக் கட்டை விரித்து வைக்காதீர்கள்.

அடுத்து, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி. போக வேண்டும், இந்த மாதமே. ஆனால் போன தடவை கேட்டதையே மறுபடி கேட்காதீர்கள். வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றி நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட 1980-ஆம் வருடத்து ஹேக் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பிள்ளையை அநியாயமாகக் கொண்டுபோன அல்லது திருப்பி அனுப்பாமல் நிறுத்திவைத்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால், பிள்ளை புது இடத்தில் ஊன்றிவிட்டது என்று எதிர்த்தரப்பு காட்டினாலே வழக்கு தள்ளாடிவிடும். உங்களுடைய 14 மாதத்தில் நடந்தது அதுதான். பேசித் தீர்க்கலாம் என்று உங்களை உட்கார வைத்த பெரியவர்களில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருந்தாரா? சமாதானம் பேசுவது நல்லதுதான், ஒப்பந்தமே அதற்கு இடம் கொடுக்கிறது. மனுவைப் போட்டுவிட்டுப் பேசியிருக்க வேண்டும். குடும்ப மானம் என்று இழுத்தடித்தவர்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பிள்ளைகளைப் பார்க்கவும் பேசவும் உரிமை கேட்பது வேறு மனு, 21-ஆம் பிரிவு. அதற்கு அந்த ஒரு வருடக் கெடு கிடையாது. முதல் மனுவை எந்த அரசு அலுவலகத்தில் கொடுத்தீர்களோ, மைய அதிகாரம் என்பார்களே, அங்கேயே கொடுக்கலாம். மனு வாங்க அவர்கள் கட்டணம் கேட்கக் கூடாது. வக்கீல் செலவு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். வீட்டை மாற்றிவிட்டார்கள் என்று கையைப் பிசைகிறீர்களே, பிள்ளைகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நடவடிக்கை எடுப்பதும் அந்த அலுவலகங்களின் பொறுப்புதான். ஆனால் 16 வயது நிறைந்த அன்றோடு அந்தப் பிள்ளைக்கு இந்த ஒப்பந்தம் செல்லாது. மகள் விஷயத்தில் உங்கள் கையில் இருப்பது சில மாதங்கள், மகனுக்கு நான்கு வருடம். நின்றுபோன வீடியோ கால் உத்தரவை அந்த நாட்டுக் குடும்ப நீதிமன்றம் வழியாக அமலாக்க முடியுமா என்று அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லா நாடும் இதில் இல்லை. இலங்கை, சிங்கப்பூர் இருக்கின்றன, இந்தியா இன்னும் சேரவில்லை. பிள்ளையை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவதுதான் வழக்கமான வழி. அங்கே நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. அங்கேயும் தாமதம் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

உங்கள் தம்பி, ஆள் வைத்துப் பையனையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறாராமே. வாயை மூடச் சொல்லுங்கள். குற்ற வழக்கு வரும் என்பது இருக்கட்டும். ஒரு தடவை வீடு, பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் எல்லாவற்றையும் இழந்த பிள்ளை அவன். அதையே இரண்டாம் தடவை செய்தால் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் என்ன வித்தியாசம்?

மகள் பேசக் கிடைத்தால் முதல் பேச்சில் அழாதீர்கள், ‘ஏன் என்னைத் தேடவில்லை’ என்று கேட்காதீர்கள். அப்பாவைப் பற்றி அவளாகக் கேட்டால் மட்டும் நடந்ததைச் சொல்லுங்கள், பட்டப்பெயர் வைக்காமல். நம்பரை ஏன் மாற்றினீர்கள் என்று கட்டாயம் கேட்பாள். சாக்குச் சொல்லாமல், ‘மாற்றியிருக்கக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். அவளுடைய தம்பியிடம் தூது போகச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

மகன்தான் கஷ்டம். நான்கு வயதில் போனவனுக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. வீடியோ காலிலேயே தமிழை மறந்து திணறினான், அக்காதான் மொழிபெயர்த்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் இப்போது பேசுகிற மொழியில் உங்களுக்கு நான்கு வாக்கியமாவது தெரியுமா? எட்டு வருடத்தில் கற்றுக்கொண்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ஒரு வகுப்பில் சேருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் நீச்சலைப் பற்றிப் பேசினால் புரிந்துகொண்டு எதிர்க் கேள்வி கேட்கிற அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். மனு விசாரணைக்கு வருவதற்குள் அதற்கு நேரம் இருக்கிறது.