லாக்ஸ்டன்: வேலியடைபடாத வயல்கள் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுவயல்களைத் தனித்தனி உடைமைகளாகப் பிரித்து வேலிகட்டிய இங்கிலாந்தின் வேலியடைப்புகளைப் பற்றிய கட்டுரையில், நாட்டிங்ஹாம்ஷையரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூரை ஒரே வரியில் கடந்துசென்றிருந்தீர்கள். ஊரார் பலரும் வேலியில்லாத பெருவயல்களில் ஆளுக்குச் சில துண்டுகளை உழும் இடைக்காலத்துப் பொதுவயல் முறை அங்கே இன்றும் நடைமுறையில் இருப்பதாகப் படித்தேன். அவ்வூர் மக்கள் நிலப்பிரபுக்களை எதிர்த்து நின்று தங்கள் சமத்துவ முறையைக் காத்துக்கொண்டார்கள் என்று கொள்ளலாமா? அல்லது அது பயணிகளுக்காக வைத்திருக்கும் வெறும் காட்சிப்பொருள்தானா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் இல்லை என்பதே என் எண்ணம். லாக்ஸ்டன் தப்பியதற்கு மக்களின் எதிர்ப்பைவிடப் பிரபுக்களின் பிணக்கே பெரிய காரணம்.

முதலில் மண்ணைச் சொல்லவேண்டும். ஊர் நிற்பது கனமான களிமண் பூமியில். எருதுகள் பூட்டிய பெரிய ஏரை அத்தகைய மண்ணில் திருப்புவது பெரும்பாடு என்பதால், இடைக்கால இங்கிலாந்தின் உழவர்கள் குறுகலான, மிக நீண்ட துண்டுகளாக நிலத்தைப் பிரித்து உழுதார்கள். மேட்டு நிலம், ஈர நிலம், நல்ல மண், மட்டமான மண் எல்லாவற்றிலும் பங்கு கிடைக்கும்படி ஒரே குடும்பத்தின் துண்டுகள் வயலெங்கும் சிதறிக் கிடந்தன. லாக்ஸ்டனின் மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்ற மூன்று பெருவயல்களில் ஒன்றில் குளிர்காலக் கோதுமையும், அடுத்ததில் வசந்தகாலப் பயிரும், மூன்றாவது தரிசுமாகச் சுழற்சி நடக்கும். நிலம் சிதறியிருப்பதால் வயலின் நடுவே வீடு கட்டிக்கொள்ள எவருக்கும் வழியில்லை. ஆகவேதான் பண்ணை வீடுகள் இன்றும் ஊர்த் தெருவின் இருமருங்கிலும் நெருங்கி நிற்கின்றன.

1086ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேட்டில் இடம்பெற்ற ஊர் இது. வடக்கே நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு இருக்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது 1635இன் வரைபடம்தான். சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகர் இந்த ஊரை வாங்கி, மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக வரையச் செய்தார். உழுபவர்களும் அறுப்பவர்களும்கூட அதில் சிறு உருவங்களாக இருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கீழைக்கடலுக்குக் கப்பல் அனுப்ப முதலாம் சார்லஸ் மன்னரிடம் உரிமை பெற்றார் என்பது உபரிச் செய்தி. ஊரை வாங்கியவர் அதை ஒரு முதலீடாகவே பார்த்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் பொதுவயல்களை வேலியடைத்தன. லாக்ஸ்டனின் நிலம் முதன்மையாக மேன்வர்ஸ், ஸ்கார்பரோ என்ற இரு பிரபுக் குடும்பங்களிடம் இருந்தது. யாருக்கு எந்த நிலம் என்பதில் அவர்கள் ஒத்துப்போகாததால் முழு வேலியடைப்பு நிறைவேறவே இல்லை. அப்படியும் ஓரங்கள் கரைந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துண்டுகள் இணைக்கப்பட்டு எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்தன. இன்று பொதுவயலாக எஞ்சியிருப்பது ஏறத்தாழ 480 ஏக்கர்.

சமத்துவம் என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தத் தயங்குவேன். இவ்வுழவர்கள் குத்தகைதாரர்கள். 1952இல் வேளாண் அமைச்சகம் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து எஸ்டேட்டை வாங்கியது. 1981இல் அது அரசமுடிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குக் கைமாறி, 2020இல் மேன்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே திரும்பிச் சென்றுவிட்டது. உழவர்கள் கையில் இருப்பது உடைமை அன்று, ஒருவர்மீது ஒருவர் வைக்கும் கண்காணிப்பு.

அந்தக் கண்காணிப்புதான் லாக்ஸ்டனைக் காட்சிப்பொருள் ஆகாமல் காக்கிறது. டெவனின் பிராண்டன் போன்ற இடங்களில் பொதுவயலின் எச்சங்கள் உண்டு. ஆனால் மேனர் மன்றத்தின், அதாவது பிரபுவின் நிலத்துக்கான பழைய ஊர் நீதிமன்றத்தின், ஆளுகையில் இயங்கும் வயல்கள் லாக்ஸ்டனில்தான். நவம்பர் இறுதியில், உழவர்களிலிருந்து தேர்ந்த ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். எல்லைகளில் மரமுளைகளை அடித்து, பாதையையோ உழக்கூடாத புல்வெளிப் பள்ளங்களையோ ஏர் எங்கே தின்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். அடுத்த வாரம் டவ்கோட் என்ற மதுவிடுதியில் மன்றம் கூடி, எல்லை மீறியவருக்கு அபராதம் விதிக்கும். நாட்டின் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

நேரில் பார்க்க விரும்பினால் கோடையைவிட நவம்பர் கடைசி வாரமே உகந்தது. ஈரக் களிமண்ணில் நடக்க நல்ல பூட்ஸ் வேண்டும். 1635இன் வரைபடத்துக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துக்குத்தான் போகவேண்டியிருக்கும்.