வாசகர் கேள்வி – பதில்: பானைல மக்குறதும் மேட்டுல மக்குறதும் ஒண்ணா?

சமையல்கட்டு குப்பை குப்பைமேட்டுக்குப் போனாலும் மக்கத்தான் போகுது, மொட்டைமாடிப் பானைல போட்டாலும் மக்கத்தான் போகுது. ரெண்டுலயும் வாயு வரத்தானே செய்யும்? பூமி சூடாகுறதுக்கும் உன் பானைக்கும் என்ன சம்பந்தம்னு என் வீட்டுக்காரர் கேக்குறார். பதில் சொல்லத் தெரியல.
– ஒரு வாசகி, வேளச்சேரி

உங்க வீட்டுக்காரர் ரொம்ப சரியான கேள்விதாங்க கேட்டிருக்கார். மக்குறது ரெண்டு எடத்துலயும் நடக்குது, ஆனா மக்க வைக்கிற நுண்ணுயிர் வேற, வர்ற வாயுவும் வேற. காத்து படுற எடத்துல இருக்குறதுங்க கீரைத்தண்டு, வாழைப்பழத்தோல் எல்லாத்தையும் தின்னுட்டு கார்பன் டை ஆக்சைடை விடும். அந்தக் கார்பன் அந்தக் கீரை வளரும்போது காத்துல இருந்து எடுத்துக்கிட்டதுதான், திரும்ப அங்கயே போகுது, அதனால அதைப் புதுசா சேர்ந்த கணக்குல வைக்கிறதில்ல. காத்தே போகாத எடத்துல வேற ஒரு கூட்டம் வேலைக்கு வரும், அதுங்க விடுறது மீத்தேன். 20 வருஷக் கணக்குல பாத்தா ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 80 மடங்கு சூடாக்கும், 100 வருஷக் கணக்குல பாத்தாக்கூட 27 மடங்கு. ஆனா மீத்தேன் காத்துல தங்குறது சுமார் 12 வருஷம்தான், அதனால இன்னிக்குக் குறைச்சா நம்ம காலத்துலயே பலன் தெரியும், எனக்கு இதுலதான் பெரிய நம்பிக்கை.

நீங்க வேளச்சேரி, பெருங்குடி குப்பைமேடு உங்களுக்குப் பக்கம்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல 200 ஏக்கருக்கு மேல பல வருஷமா லாரி லாரியா கொட்டினது அது. மேல மேல விழ விழ கீழ இருக்குறது அமுங்கி காத்து மொத்தமா அடைச்சுப் போயிடும், உள்ள மீத்தேன் சேரும். 2022 ஏப்ரல்ல அங்க தீப்பிடிச்சு நாள் கணக்குல புகைஞ்சது ஞாபகம் இருக்கும், அடுத்த வருஷம் மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் குப்பைமேட்டுல பத்து நாளுக்கு மேல புகை. இந்த மாதிரி மேட்டுல தீ ஏன் லேசுல அணையறதில்லன்னா மேல தண்ணி அடிச்சாலும் உள்ள எரியுற வாயு இருந்துகிட்டே இருக்கு.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. ரெண்டு மூணு நாள் முடிச்சு போட்டு வெச்ச கேரிபேக்கைத் தொறங்க, அடியில கருப்பா தண்ணி கட்டியிருக்கும், கீரை கொழகொழன்னு ஆகியிருக்கும், அழுகின முட்டை வாடை குப்புனு மூஞ்சில அடிக்கும். அதே கீரையைக் காய்ஞ்ச எலையோட கலந்து பானைல போட்டிருந்தா கொஞ்ச நாள்ல மழை பெஞ்ச மண்ணு வாசனைதான். மீத்தேனுக்குன்னு வாடை கிடையாது, ஆனா அந்த நாத்தம் வருதுன்னா உள்ள காத்து இல்லன்னு அர்த்தம், மீத்தேன் பொறக்குறதும் அந்த மாதிரி எடத்துலதான். வீட்டுக்காரரையும் கூட நிக்க வெச்சு ரெண்டையும் மோந்து பாக்கச் சொல்லுங்க.

ஆசையா பானை வாங்கி வெச்சேன், ஒரே மாசத்துல நாத்தம், வெள்ளைப் புழு. மாமியார் தூக்கிப் போடுங்கறாங்க.
– ஒரு வாசகி, திருச்சி

தூக்கிப் போடாதீங்கம்மா. பானைல ஈரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். கையில ஒரு பிடி எடுத்து நல்லா அழுத்திப் பாருங்க, விரலிடுக்குல தண்ணி ஒழுகினா ஈரம் ஜாஸ்தி, ஒண்ணு ரெண்டு சொட்டு மட்டும் வந்தா சரியான பதம், பொலபொலன்னு உதிர்ந்தா தண்ணி தெளிக்கணும். ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டா ஒரு கிண்ணத்துக்குக் குறையாம காய்ஞ்ச எலை, தென்னை நார்த்தூள், மரத்தூள், கிழிச்ச அட்டைப்பெட்டி ஏதாவது போடுங்க. இதைத்தான் நெறைய பேர் விட்டுடுறாங்க, பச்சையை மட்டும் போட்டு மூடி வெச்சா அந்தப் பானையும் ஒரு குட்டி குப்பைமேடுதான், அதுல இருந்தும் மீத்தேன் வரும். வாரம் ரெண்டு தடவை அடி வரைக்கும் கெளறி விடுங்க, பானையில பக்கவாட்டுல ஓட்டை இருக்கணும். புளிச்ச மோர் கொஞ்சம் தெளிச்சா நல்லது. புழு ஒண்ணும் பண்ணாது, அதுவும் தின்னு மக்க வைக்கத்தான் வந்திருக்கு, காய்ஞ்சது சேர்த்தா தானா குறையும். இன்னொண்ணு, பெரிய குவியல் உள்ள 55 டிகிரிக்கு மேல கொதிக்கும், விதையெல்லாம் செத்துடும், நம்ம பானைல அவ்வளவு சூடு வராது, அதனால உரம் போட்ட தொட்டியில கேக்காமலே தக்காளிச் செடி மொளைக்கும்! மாமியாருக்கு அதைக் காட்டுங்க.

நான் பச்சை டப்பா, நீல டப்பான்னு பிரிச்சுத் தர்றேன், வண்டியில ஒண்ணாக் கொட்டுறாங்க. எதுக்குப் பிரிக்கணும்?
– ஒரு வாசகர்

உங்க கோவம் எனக்கும் இருக்கு, எங்க தெருவுலயும் இப்படி நடந்திருக்கு. ஆனா பிரிக்கறதை மட்டும் விட்றாதீங்க சார். 1970கள்ல நம்ம நாட்டுல சில நகரங்கள்ல பெரிய பெரிய மெஷின் வெச்சு கலப்புக் குப்பையை உரமாக்குற ஆலை கட்டினாங்க, பெரும்பாலானது ஓடல, உரத்துல கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் இருந்தா எந்த விவசாயி காசு குடுத்து வாங்கி வயல்ல போடுவாரு, வெறுங்காலோட எறங்குற எடமாச்சே. கலந்த பிறகு பிரிக்கிறது தூய்மைப் பணியாளர் கையிலதான் விடியுது, அந்த ஊசியும் பிளேடும் அவங்க விரலைத்தான் கிழிக்கும்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவைப் பாருங்க. 1995ல இஃப்தேகார் எனாயதுல்லா, மக்சூத் சின்ஹான்னு ரெண்டு பேர் வேஸ்ட் கன்சர்ன்னு ஒரு அமைப்பு தொடங்கி, மீர்பூர் பக்கம் வீடு வீடா சைக்கிள் ரிக்‌ஷா வண்டியில குப்பை வாங்கி உரம் போட்டாங்க. அப்புறம் பெரிய உர ஆலையே வந்துச்சு, மேட்டுல வராம தடுத்த மீத்தேனைக் கணக்குப் போட்டு ஐ.நா. திட்டத்துல கார்பன் கிரெடிட்டா, அதாவது குறைச்ச வாயுவுக்குக் கிடைக்கிற, காசுக்கு விக்கக்கூடிய சான்றா, பதிவும் பண்ணாங்க. நம்மள விட நெருக்கடியான ஊருங்க அது.

அபார்ட்மென்ட்ல இருந்தா வண்டியையே நம்ப வேணாம். 2016ல வந்த திடக்கழிவு விதியிலயே 5000 சதுர மீட்டருக்கு மேல இருக்குற குடியிருப்பு மக்குற குப்பையை முடிஞ்சவரை உள்ளயே கையாளணும்னு சொல்லியிருந்தாங்க, அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல எடுத்துப் பேசுங்க.

எலும்பு, மிச்ச சாம்பார், எலுமிச்சைத் தோல் போடலாமா? மழைக்காலத்துல என்ன பண்றது?
– ஒரு கல்லூரி மாணவி, கோவை

எலுமிச்சை கொஞ்சமா, பொடிசா நறுக்கிப் போடுங்க. சாம்பாரைத் தண்ணி வடிச்சுட்டு சக்கையை மட்டும் போடுங்க. எலும்பு சின்னப் பானைல வேணாம், நாய் பூனை வந்து உருட்டும். மழைக்குப் பானை மேல ஒரு பழைய தகரமோ ஓடோ சாய்வா வைங்க, ஒட்டி மூடிடாதீங்க, காய்ஞ்ச எலையை இப்பவே ஒரு சாக்கு நெறைய கூட்டி உள்ள வெச்சுக்கோங்க, ஐப்பசியில தேடினா ஒண்ணு கூட காய்ஞ்சதா கிடைக்காது.