ஃபேக்டரி டிராலர் வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த மகன், மீனைப் பிடித்துக் கடலிலேயே பதப்படுத்தும் ஃபேக்டரி டிராலர் கப்பலில் வேலைக்குப் போக நிற்கிறான், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் கப்பலுக்குள் எந்த வேலை என்று தெரியாமல் விடாதீர்கள். மேல்தளத்தில் வலை இழுப்பவருக்கும், கீழே பேக்கிங் செய்பவருக்கும், தர ஆய்வாளருக்கும் கப்பல் ஒன்றுதான். ஆபத்து, சம்பளம், பத்து வருடம் கழித்துப் போய்ச் சேரும் இடம் எல்லாமே வேறு.

முதலில் அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பேரிங் கடலில் பொல்லாக், பேரண்ட்ஸ் கடலில் காட், ஹாடக், தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம் ஹேக். இந்த வெள்ளைச் சதை மீன்களைப் பிடித்து, வெட்டி, உறையவைத்துப் பெட்டியாக அடுக்கும் வரை எல்லாம் கடலிலேயே முடிகிறது. கரையைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். கப்பலின் பின்புறச் சரிவு வழியாக முதலில் மடியின், அதாவது இழுவலையின், மீன் சேரும் வால்பை இறங்கும், பிறகு மடி, கடைசியில் இரண்டு பெரிய இரும்புப் பலகைகள். கப்பல் இழுக்க இழுக்க இந்தப் பலகைகள் பக்கவாட்டில் விரிந்து மடியின் வாயைத் திறந்து வைக்கும். வால்பை எவ்வளவு நிரம்பியது என்பதை அதில் கட்டிய சென்சார்கள் மேலே சொல்லிவிடும். பேராசைப்பட்டு நிரப்பினால் அடியில் உள்ள மீன் நசுங்கிச் செத்துவிடும், அதன் பிறகு எந்த மெஷினாலும் நல்ல ஃபில்லெட் (முள் நீக்கிய சதைத் துண்டு) எடுக்க முடியாது. வலையை இழுக்கும் வின்ச்சின் கம்பி அறுந்து வீசுவதும், திறந்த சரிவில் ஆள் வழுக்கி விழுவதும் நடப்பது இந்த மேல்தளத்தில்தான். கடல் அனுபவம் இல்லாதவருக்கு முதல் பயணத்திலேயே டெக் வேலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மகனின் படிப்புக்கு வேலை இருப்பது கீழ்த்தளத்தில். வால்பையை மேலே இழுத்ததும் தளத்தின் மூடியைத் திறந்து மீனைத் தொட்டிகளில் கொட்டுவார்கள். காட் மீனை உயிர் இருக்கும்போதே தொண்டையில் கீறி, ஓடும் கடல்நீரில் 20 முதல் 30 நிமிடம் இரத்தம் வடியவிட வேண்டும். தாமதித்தால் இரத்தம் சதைக்குள்ளேயே உறைந்து ஃபில்லெட் சிவக்கும், தரம் இறங்கும், விலையும் இறங்கும். அடுத்து தலை வெட்டு, குடல் நீக்கம், அளவுவாரிப் பிரிப்பு, ஃபில்லெட் மெஷின், தோல் உரிப்பு. குறிப்பிட்ட அளவு மீனுக்குச் செட் செய்த மெஷினில் வேறு அளவு மீன் போனால் விலா முள் தங்கும், இல்லையென்றால் நல்ல சதை கழிவோடு போகும். செத்தபின் மீன் விறைத்திருக்கும் நேரத்தில் வெட்டினால் சதை பிளந்துகொள்ளும். விறைப்பு வருமுன் வெட்டினால் உடனே உறையவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்லெட் சுருங்கிவிடும்.

அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் முள், புழு, இரத்தப் புள்ளி பார்த்து நீக்கியபின், மெழுகு பூசிய அட்டையிட்ட சட்டத்தில் 7.5 கிலோ கட்டியாக அடுக்கி, குளிர்த்தட்டுகளுக்கு நடுவே அழுத்தி உறையவைக்கும் தட்டு ஃப்ரீசரில் வைப்பார்கள். தட்டின் வெப்பநிலை −35 முதல் −40 டிகிரி செல்சியஸ். கட்டியின் நடுப்பகுதி −18-க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். தட்டில் பனி படிந்தால் நேரம் இழுக்கும், எடை குறைவாக அடுக்கினால் கட்டிக்குள் காற்றுக்குழி விழும். கிடங்கை −30-இல் வைப்பதற்கும் காரணம் உண்டு. காட் குடும்ப மீன்களில் உறைந்த நிலையிலும் ஃபார்மால்டிஹைடு மெல்ல உருவாகும், கிடங்கின் குளிர் குறையக் குறைய அது வேகமெடுத்துச் சதையை நாராக்கிவிடும். பொல்லாக்கில் ஒரு பகுதி அரைத்து, கழுவி, சர்க்கரையும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் கலந்து சுரிமி என்ற மீன் விழுது ஆகிறது. தலையும் குடலும் மீன்தூளுக்கு.

தர ஆய்வாளரின் வேலை இவ்வளவையும் அளந்து, பதிவு செய்து, தவறினால் லைனை நிறுத்தச் சொல்வது. கரைக்கு வந்தபின் ஏற்றுமதி ஆலை, தணிக்கை நிறுவனம் எதிலும் இந்த அனுபவம் எடுபடும். அம்மோனியா குளிர்பதனம் தெரிந்தவர்களுக்கும் ஃபில்லெட் மெஷின் மெக்கானிக்குகளுக்கும் அப்படியே. பேக்கிங் லைன் கதை வேறு. ஈரத்திலும் குளிரிலும் நின்றபடி ஒரே அசைவை மணிக்கணக்கில் செய்வதால் மணிக்கட்டு நரம்பும் தசைநாரும் கெடும். புதியவர்களை முதலில் லைனில் போடுவது பல கப்பல்களில் வழக்கம். ஒரு பயணம் என்றால் அதுவும் படிப்புதான். இரண்டாவது பயணமும் அதே இடம் என்றால் வேறு கப்பல் தேடச் சொல்லுங்கள்.

உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு அடங்கிய அடிப்படைப் பயிற்சியைப் பெயருக்கு முடிக்க வேண்டாம். குளிர்நீர் உடையைக் கண்ணை மூடிக்கொண்டும் போடத் தெரிய வேண்டும். 2008 மார்ச் 23-இல் பேரிங் கடலில் அலாஸ்கா ரேஞ்சர் என்ற மீன்பிடிக் கப்பல் மூழ்கியபோது அதில் இருந்த 47 பேரில் 42 பேர் பிழைத்தார்கள். உறைநிலையை ஒட்டிய அந்த நீரில், மீட்பவர்கள் வரும்வரை தாக்குப்பிடிக்க அந்த உடைதான் உதவியது.

ஏஜெண்ட் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மீன்பிடி வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் ஒப்பந்தப்படி, வேலைக்கு எடுப்பதற்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. மூன்று நாளுக்கு மேல் கடலில் இருக்கும் கப்பலில் 24 மணி நேரத்துக்கு 10 மணி நேரமும், 7 நாளுக்கு 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பச் செலவு பிடிக்கக் கூடாது. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறது, அந்த நாடு இதை ஏற்றிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏற்காத நாடென்றால் இவை ஒவ்வொன்றும் வேலை ஒப்பந்தத் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளம் பிடிப்பில் பங்கு என்றால், எந்த விலையை வைத்து, எந்தச் செலவைக் கழித்துக் கணக்கிடுவார்கள் என்பதையும் மீன் வராத பயணத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்ற வரி இல்லாத தாளில் அவன் கையெழுத்துப் போட வேண்டாம்.