அடிக்கட்டையில்தான் வில்லங்கம்: பவளத் தனித்தொட்டி பற்றிக் கேள்வி பதில்

வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள், புதுப் பவளத்தை மெயின் டேங்கில் (முக்கியத் தொட்டியில்) இறக்குவதற்கு முன் என்ன செய்வது, சிலநாள் தனித்தொட்டியில் ஒதுக்கி வைக்கணுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: அண்ணா, புது ஃப்ராக்கை (வெட்டி விற்கும் பவளத் துண்டை) பத்து நிமிடம் டிப் செய்துவிட்டுத்தான் (பூச்சி மருந்து கலந்த நீரில் முக்கிவிட்டுத்தான்) போடுகிறேன். தனித்தொட்டியும் வேண்டுமா?

ப: வேண்டும் தம்பி. டிப் புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, சதை போன வெற்று எலும்பில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், பழுப்பாகக் கொத்துக் கொத்தாக முட்டை வைக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது பொரிக்கும்போது ஃப்ராக் உங்கள் மெயின் டேங்கில் இருக்கும்.

நானே ஒரு தடவை ஏமாந்தேன். நிறம் மங்குகிறதே என்று இரண்டு மாதம் விளக்கையும் தண்ணீரின் ஆல்கலினிட்டியையும் (காரத்தன்மையையும்) மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு ராத்திரி கிளை மேல் பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பீச்சுகுழலால்) தண்ணீர் பீய்ச்சினால், உரிந்த தோல் மாதிரி ஏதோ கழன்று சுழன்று விழுந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், பவளத்தின் நிறத்திலேயே. அது ஒட்டியிருந்த இடத்தில் வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடம். அன்றிலிருந்து கடையில் கொடுத்த பிளக்கை (ஃப்ராக் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை) நான் வீட்டுத் தொட்டிக்குள் விடுவதே இல்லை. ஒட்டிய இடத்துக்கு மேலே வெட்டி, புது பிளக்கில் ஒட்டிவிடுவேன்.

கே: எத்தனை நாள் வைக்கணும் சார்?

ப: பூச்சிக்கு மட்டும் என்றால் 6 வாரம், வாரம் ஒரு டிப். வெள்ளைத் தட்டில் செய்தால் விழுவது கண்ணுக்குத் தெரியும். ஏதாவது விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சிலர் 76 நாள் சொல்வது மீனின் வெண்புள்ளி நோய்க்காக. அந்த ஒட்டுண்ணி பிளக்கிலும் நத்தை ஓட்டிலும் கூடு கட்டிக் கிடக்கும். வெளியே வரும்போது மீன் இல்லாவிட்டால் செத்துப்போகும். அதனால் அழகுக்கு ஒன்றே ஒன்று என்றுகூட மீன் விடாதீர்கள்.

கே: தொட்டி பெரிதாக வேண்டுமா?

ப: 40 லிட்டர் போதும். ஹீட்டர், சின்ன பவர்ஹெட் (நீரைச் சுழற்றும் பம்பு), விளக்கு, மெயின் டேங்கில் ஊறிய ஸ்பாஞ்ச் (வடிகட்டிப் பஞ்சு), அவ்வளவுதான். செம்பு மருந்து போட்ட பழைய தொட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.

கே: பிளக்கில் வரும் ஐப்டேசியாவை (களைபோலப் பரவும் கடல் சாமந்தியை) நசுக்கி எடுத்துவிடலாமா?

ப: கூடாது. பிய்ந்த துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும். பிளக்கோடு தூக்கிப் போடுங்கள்.

கே: ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கும் பவளத்தை எடுத்து வந்து தனித்தொட்டியில் வைக்கலாமா?

ப: தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், செத்த பவளமாக இருந்தாலும்.

கே: சோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பொத்தான் போன்ற உயிரி) டிப் செய்யக் கையுறை அவசியமா?

ப: கையுறை மட்டுமல்ல, கண்ணுக்குக் கண்ணாடியும். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைத்துவிடாதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்தே வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.