முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற பெண்கள்

வணக்கம் ஐயா,

மகன் வேலை பார்க்கிற இத்தாலிக்குப் போன மாதம் போயிருந்தேன். பதுவா என்ற ஊரில் ஜொத்தோ என்ற பழைய இத்தாலிய ஓவியர் வரைந்த சுவரோவியங்கள் இருக்கிற சின்ன தேவாலயத்துக்கு அழைத்துப் போனான். முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, ஒரு அறையில் காத்திருக்க வைத்து, அப்புறம் கால் மணி நேரம்தான் உள்ளே விட்டார்கள். கூட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து உருகிப் போனார்கள். எனக்கு அந்த நீலத்தைத் தவிர ஒன்றும் மனதில் தங்கவில்லை. வெட்கமாக இருந்தது. நம் பெரிய கோயிலிலோ தாராசுரத்திலோ எனக்கு இப்படி ஆனதில்லை, எதைப் பார்த்தாலும் சட்டென்று புரிந்துவிடும். மற்ற நாட்டுக் கலையை, வேறு காலத்துக் கலையை ரசிக்க எங்கிருந்து தொடங்குவது? என்ன புத்தகம் படிக்கலாம்?

ஒரு வாசகி, நீடாமங்கலம்

வணக்கம் அம்மா,

வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அந்தச் சுவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள் இருக்கின்றன. கால் மணி நேரத்தைப் பங்கு போட்டால் ஒரு காட்சிக்கு அரை நிமிடம்கூட வராது. யாருக்கும் ஒன்றும் தங்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. நம் கோயில்களில் எதைப் பார்த்தாலும் சட்டென்று புரிந்துவிடுகிறது என்கிறீர்களே, அது. எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவது, கோயிலில் நாம் பெரும்பாலும் சிற்பத்தைப் பார்ப்பதே இல்லை, ஆள் யார் என்று அடையாளம் கண்டுபிடிக்கிறோம், அதோடு கண் வேலையை முடித்துக்கொள்கிறது. காலைத் தூக்கியிருந்தால் நடராஜர், கல்லால மரத்தடியில் இருந்தால் தட்சிணாமூர்த்தி, சரி, அடுத்தது. தாராசுரத்தில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்த சிற்பத்தைக் காட்டுகிறவர் கையால் ஒரு பக்கத்தை மூடுவார், யானை தெரியும், மறுபக்கத்தை மூடுவார், காளை தெரியும், எல்லோரும் ஆஹா என்பார்கள், கூட்டம் நகர்ந்துவிடும். அந்த வேடிக்கைக்கு ஒரு நிமிடம் போதும். சிற்பத்துக்குப் போதாது.

ஆக பதுவாவில் கதை தெரியாததால் உங்களால் பார்க்க முடியவில்லை, இங்கே கதை தெரிந்திருப்பதால் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே குறைதான் என்று நினைக்கிறேன். அதனால் புத்தகம் அப்புறம் இருக்கட்டும். தஞ்சாவூருக்குப் போங்கள்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி, பக்கத்தில் அடுத்த வருடம் செய்த அம்மன். நான் முதலில் பார்த்தபோது பலகையில் பெயரைப் படித்தேன், பாம்புகள் சுற்றிய அந்தத் தலைப்பாகையைப் பார்த்தேன், நகர்ந்துவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு போய் அவர் எதிரில் நின்று வரைய ஆரம்பித்தேன். எனக்கு வரையத் தெரியாது, அது முக்கியமும் இல்லை, கோடு போட வேண்டுமென்றால் கண் ஒவ்வொரு இடத்திலும் நின்றுதான் ஆக வேண்டும், அவ்வளவுதான். ஒரு காலை ஊன்றி மறுகாலைக் குறுக்கே போட்டிருக்கிறார். இடுப்பு ஒரு பக்கமாக ஒசிந்திருக்கிறது. ஒரு கை முழங்கையில் மடங்கிக் காற்றில் கிடக்கிறது. அந்தக் கையை வரையும்போதுதான் உறைத்தது, உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கை வழியாக வெளியே எங்கோ இறங்குகிறது. எங்கே? காளையின் மேல். காளை இன்று இல்லை, ஆனால் அதன் உயரம், அது அசையாமல் நிற்கிற நிதானம் எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஏர் அவிழ்த்துவிட்டு மாட்டின் முதுகில் கை போட்டபடி வரப்பில் போகிறவர்களிடம் பேசிக்கொண்டு நிற்பார்களே, அந்த நிலை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு ஸ்தபதி வயல்காட்டில் பார்க்காமல் செப்பு வார்ப்பதற்கு முன் செய்கிற மெழுகு உருவில் அந்த முழங்கையைப் பிடித்திருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியென்றால் கதையே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். காளை என்று தெரியாவிட்டால் அந்தக் கை எனக்கு விளங்கியிருக்காது. ஆனால் கை உறுத்திய பிறகு காளை வந்தது. முதலிலேயே ரிஷபவாகனர் என்று சொல்லி முடித்திருந்த வரைக்கும் அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதின் இந்தியாவுக்கு வந்ததில்லை. திருவாலங்காட்டு நடராஜரை, இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதை, புகைப்படங்களில் மட்டும் பார்த்து 1913இல் எழுதினார். முன்னாலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி, கால்கள் எப்படி என்று அங்கம் அங்கமாகப் பார்த்து எழுதியது அது. நம் புராணத்தோடு வளராத ஒருவருக்கு அது முடிந்திருக்கிறது, அதோடே வளர்ந்த நாம் மூன்று விநாடியில் கும்பிட்டுவிட்டு நகர்கிறோம். கும்பிடுவதைக் குறை சொல்லவில்லை. கும்பிட்ட பிறகும் கொஞ்சம் நிற்கலாம் என்கிறேன்.

இப்போது உங்கள் பதுவாவுக்கு வருகிறேன். ஜொத்தோ அதை வரைந்து முடித்தது 1305 வாக்கில், அதாவது பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில் நம் சோழ ஓவியர்கள் வரைந்து ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்து. அங்கேயும் இங்கேயும் சுவரில் சுண்ணாம்புச் சாந்துதான். அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் வண்ணத்தை வைத்துவிட வேண்டும். நீலம் மட்டும் பெரும்பாலும் காய்ந்த பிறகு வைத்தது, அதனால்தான் சில இடங்களில் உதிர்ந்திருக்கிறது. உங்கள் மனதில் நின்ற நீலம் அவ்வளவு பாடுபட்டு நின்றது, அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

அந்தச் சுவரில் ஏசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தி அழுகிற காட்சி ஒன்று இருக்கிறது. மகனை விட்டு அதைக் கணினியில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். யார் யார் என்று தேட வேண்டாம், பெயர் தெரியாமலே பாருங்கள். தாய் பிள்ளையைத் தூக்கி அணைத்து முகத்தோடு முகம் வைத்திருக்கிறாள். ஒருத்தி காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் இரண்டு கையையும் பின்னால் வீசிக் குனிகிறான். வானத்தில் தேவதூதர்கள்கூட அலறுகிறார்கள். இதெல்லாம் சரி, எனக்கு நெஞ்சை அடைத்தது முன்னால் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்கள். முக்காடு போட்டு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகமே கிடையாது. நம் ஊர் எழவு வீட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது எது, சொல்லுங்கள். உடலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்களின் முதுகுதானே? அந்த முதுகுகளைத் தாண்டித்தான் இறந்தவர் முகத்தைப் பார்ப்போம். அந்தப் படத்தின் முன் நிற்கிற எவரும் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிற ஆளாகிவிடுகிறார். இதற்கு இத்தாலிய மொழி தேவையில்லை, விவிலியம்கூட அப்புறம்தான்.

எல்லா நாட்டுப் படமும் இப்படி நம் வீட்டுக்குள் வந்துவிடாது என்பதும் உண்மைதான். சிலது கடைசிவரை அந்நியமாகவே இருக்கும், அப்போதும் கை உதவும். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் செய்த மரஅச்சுப் படம் ஒன்று, பாலத்தின் மேல் திடீர் மழை, மெல்லிய கறுப்புக் கோடுகளாகக் கொட்டுகிறது. முப்பது வருடம் கழித்து டச்சு ஓவியர் வான் கோ அதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார், ஓரத்தில் வேறு அச்சுப் படங்களிலிருந்து ஜப்பானிய எழுத்துகளையும் எடுத்து எழுதினார், அதைப் படிக்கத் தெரியாமலே. புரியாததை அவர் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலுக்குப் போங்கள், நீடாமங்கலத்திலிருந்து தூரமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய முற்காலச் சோழர் கோயில். கருவறைச் சுவரில் அர்த்தநாரியையும் பிரம்மாவையும் இனங்கண்டுகொள்வீர்கள், அவர்களை விடுங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் குறுகலான மாடங்களில் ஆணும் பெண்ணுமாகச் சிலர் சுவரிலிருந்து பிரிந்து வெளியே வரப் பார்ப்பதுபோல் நிற்பார்கள். அரச குடும்பம் என்பார்கள், ராமாயணம் என்பார்கள், அறிஞர்களிடையே இன்னும் முடிவாகவில்லை. அதுதான் உங்களுக்கு நல்லது, கதை சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் எதிரில் ஒரு பென்சிலோடு அரை மணி நேரம் நில்லுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், புத்தகப் பட்டியலை அதற்கப்புறம் அனுப்புகிறேன்.